மோடத்துக்கு ஒரு நாள் லீவு

ரிசீவரைக் காதில் வைத்ததும் தட்சணாமூர்த்தி கண்ணை மூடிக்கொள்வார். வீட்டிலிருப்பவர்கள் அப்போது இருமக்கூடக் கூடாது. டயல் டோனைக் கச்சேரி கேட்பது போலத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "லைன்ல உப்பு ஏறிடுச்சுங்க" என்பார். மரக்காணத்தில் சுற்றிலும் உப்பளம். எல்லார் வீட்டு லைனிலும் உப்பு ஏறித்தான் இருக்கும். அதனால் அவர் சொன்னது தப்பென்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

பாண்டிச்சேரியில் கொஞ்ச காலம் ஹார்டுவேர் படித்தவர். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் 'சிஸ்டம் இன்ஜினியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். இன்டர்நெட் நகர மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டால் முதலில் வயரைப் பிடுங்கிச் செருகுவார். பிறகு மோடத்தை வேட்டி நுனியால் துடைப்பார். அதற்கும் மசியாவிட்டால் ஃபார்மட். என் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. எழுதி வைத்திருந்ததெல்லாம் போயிற்று, வேகம் அப்படியே இருந்தது. "இப்ப சிஸ்டம் ஃப்ரீயா மூச்சு வுடுது பாருங்க" என்றார்.

2005 ஆடி மாதம் சாக்கு வியாபாரி பக்கீர் முஹம்மது வீட்டில்தான் அவருக்குச் சோதனை வந்தது. பாயின் மகன் முஜீப் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரும் மனைவி ஹஸ்னாவும் கம்ப்யூட்டரில் எழுதி எழுதிப் பேசிக்கொள்வார்கள். பேச்சு சூடு பிடிக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். தட்சணாமூர்த்தி மோடத்தை மாற்றினார், வயரை மாற்றினார், தவறாமல் ஃபார்மட்டும் போட்டார். அந்த வீட்டுக்கு அவர் நடந்த நடைக்கு முஜீபே ஊருக்கு வந்து திரும்பியிருக்கலாம்.

"அண்ணே, 'எம்மேல கோவமா'ன்னு கேக்குறாரு. இல்லன்னு அடிக்கிறதுக்குள்ள கட்டாயிடுது" என்றார் ஹஸ்னா. "நான் வேணும்னே போயிட்டேன்னு நெனச்சிக்கிறாருண்ணே."

மேற்கொண்டு துடைக்க எதுவும் இல்லாததால் தட்சணாமூர்த்தி டீ குடிக்க வெளியே வந்தார். வீட்டின் முன்பக்கம், ரோட்டைப் பார்த்தபடி, பாயின் சாக்குக் கடை. நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்; அவரும் பக்கத்தில் வந்து நின்றார். பாய் மேஜை மேலிருந்த எக்ஸ்டென்ஷன் போனை எடுத்தார், காதில் வைத்தார், வைத்துவிட்டார். உள்ளேயிருந்து ஹஸ்னாவின் குரல் வந்தது: "மறுபடியும் போச்சுண்ணே." சற்று நேரம் கழித்து பாய் மறுபடி எடுத்தார். உள்ளே மறுபடி போயிற்று. மூன்றாவது தடவைதான் நம் இன்ஜினியருக்கு உறைத்தது. மற்றவர்களுக்கு முதல் தடவையே உறைத்திருக்கும்.

"பாய், இன்னாத்துக்கு சும்மா சும்மா போனை எடுக்கிறீங்க?"

பாய் மாட்டிக்கொண்டவர் போலச் சாக்குகளைத் தட்டி அடுக்கினார். "முன்னல்லாம் வெள்ளிக்கிழம ஆனா அவன் போன் அடிப்பான் தம்பி. இப்ப லைனு பிஸியாவே இருக்குது. எடுத்தா கீச்சு கீச்சுன்னு ஒரே கத்தல். அதுக்குள்ளதான் எம்மவன் பேசுறான்னு மருமவ சொல்லுது. நானும் கேட்டுப் பாக்குறேன், அவன் கொரலாவே இல்ல."

தட்சணாமூர்த்தியின் தொழில் வாழ்க்கையில் ஒரு கோளாறின் உண்மையான காரணம் பிடிபட்டது அதுதான் முதல் தடவை. போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன்; கடையில் ரிசீவரை எடுத்தால் உள்ளே இணைப்பு அறுந்துவிடும். கட்டிங் பிளேயர் கையிலேயே இருந்தது. கடைக்கு வரும் வயரை ஒரு வெட்டு வெட்டினால் போதும். ஊரே அவரைக் கொண்டாடியிருக்கும். அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிங் பிளேயரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நேரம் போனைத் தொடாம இருங்க பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, மோடத்துக்கு வாரத்துல ஒரு நாள் லீவு குடுக்கணும். சூடு தாங்கல அதுக்கு. வெள்ளிக்கிழம குடுத்துடுங்க, மத்த நாள்ல நல்லா ஓடும்."

ஹஸ்னா பி.காம். படித்தவர். "மோடத்துக்கு லீவாண்ணே?"

"கம்பெனி ரூல்ஸும்மா." எந்தக் கம்பெனி என்று அவர் சொல்லவில்லை.

கடையில் பாய் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஹஸ்னா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரிண்ணே, குடுத்துடலாம்" என்றார். மறுபடி கனெக்ட் செய்து, கோபமெல்லாம் இல்லை, இனி வெள்ளிக்கிழமை போன் செய்து மாமாவிடமும் பேசுங்கள் என்று கணவருக்கு எழுதினார். அன்று இணைப்பு அறுபடவேயில்லை. தட்சணாமூர்த்தி அதைத் தன் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் சாக்குக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. பாய் எடுத்து, "முஜீபா... சொல்லுப்பா, கேக்குது" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பாண்டி பஸ் வாசலில் நின்று விடாமல் ஹாரன் அடித்தது. பாய் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டார். உள்வாசல்படியில் ஹஸ்னா தன் முறைக்குக் காத்து நின்றார். தட்சணாமூர்த்தி எழுந்து, என்னையும் வெளியே வரும்படி சைகை செய்து, ஷட்டரைச் சத்தமில்லாமல் இறக்கினார். சாக்கு வாங்க வந்த ஆளிடம், "உள்ள வேல நடக்குதுப்பா, அப்பறமா வா" என்று சொல்லிவிட்டு, ஷட்டரில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.