பச்சைக்கு அடியில் இருந்த பேர்

நாளைக்கு ஆயுத பூஜை. மதியத்திலிருந்து ஃபேக்டரியில் மிஷின்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாசம் மாடியில் என் ரூம் வரைக்கும் ஏறி வந்துவிட்டது. பச்சை எனாமலும் டர்பன்டைனும் கலந்த வாசம். என் வாழ்நாளில் இதைவிட எனக்குப் பிடித்த வாசம் கிடையாது. சாம்பிராணியெல்லாம் அப்புறம்தான். இந்த வருஷம் அது மூக்கில் ஏறினதும் பொறுக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வருகிறது. சரி, எழுதித் தொலைத்தாலாவது அடங்குமா பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பல்லடம் சுத்துவட்டாரத்தில் என் பம்ப் ஓடாத கிணறு ஒன்று இருந்தால் காட்டுங்கள், நானே வந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறேன். கம்பெனிக்கு என் பேரையேதான் வைத்தேன். சாமி பேரு வைக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். லேத்தில் நின்றது நான், சாமியா நின்றது என்று கேட்டேன். வாய்க்கொழுப்புத்தான். ஆனால் அந்தப் பேரை வைத்துத்தான் ஜப்பானிலிருந்து ஒரு பெண் என்னைக் கண்டுபிடித்தாள்.

இந்த ஆடியில் ஒரு நாள் மருமகள் செல்போனோடு வந்தாள்.

“மாமா, ஜப்பான்ல இருந்து உங்களைக் கேட்டு மெயில் வந்திருக்குதுங்க.”

“பம்பு வேணுமாமா?”

“இல்லீங்க மாமா. சைக்கிள் வேணுமாம்.”

போனில் ஒரு படம். மில் கேட்டுக்கு முன்னால் ஒல்லியாக ஒரு ஜப்பான்காரர். பக்கத்தில் கத்தை மீசையோடு நான். நடுவில் ஒரு சைக்கிள். படத்தின் பின்பக்கம் அவர் கைப்பட என் பேரை எழுதி வைத்திருந்தாராம்.

அவர் பேரு ஹரடா. எங்கள் மில்லுக்கு ஸ்பின்னிங் மிஷின் பூட்டிக்கொடுக்க வந்தவர். அந்த மில் இப்போது இல்லை, அந்த இடத்தில் பதினாலு மாடி வீடு நிற்கிறது. அன்றைக்கு நான் மில் ஒர்க்‌ஷாப்பில் டர்னர், வயசு இருபத்தாறு. வெளிநாட்டுக்காரர் பெட்டியில் கோட்டு, சூட்டு இருக்கும் என்று பார்த்தால், இவர் ஒரு துணிப்பையைத் திறந்து பாகம் பாகமாகச் சைக்கிளை எடுத்து வைத்தார். மழைக்கு முந்தி வானம் இருக்குமே, அந்த நிறம். ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். விரல் தடிமன் பைப்பில் கேரியர். குழாயும் குழாயும் சேர்கிற சந்தில் அரம் போட்ட நேர்த்தியைப் பார்த்து, என்னைத் தவிர உலகத்தில் இன்னொருத்தனுக்கும் அரம் பிடிக்கத் தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். சாய்வுக் குழாயில் தங்க நிறத்தில் பிரஷ்ஷால் என்னமோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் எழுத்து.

சனிக்கிழமை அதில் கிளம்பினால் ஈரோடு வரைக்கும் போய், மறுநாள் திரும்புவார். கண் இமையெல்லாம் செம்மண்ணாக இருக்கும். ஒருநாள் டயர் வெடித்துவிட்டது. நம் ஊர் இருபத்தாறு இஞ்ச் டயரைப் போட்டுப் பார்த்தேன், அந்த ரிம்முக்கு ஒரு நூல் லூசு. நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, லேத்துக்காரர்களுக்கு அதுதான் கணக்கு. பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி ரிம் மேல் சுற்றி, டயரை ஏற்றிக் கொடுத்தேன். மனுஷன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டி, “ஒரு நூல்” என்றார். அன்றையிலிருந்து காப்பியில் சர்க்கரை கேட்டாலும் அவருக்கு ஒரு நூல்தான்.

ஒருநாள் தந்தி வந்தது. ஊரில் அவர் சம்சாரத்துக்கு எட்டாம் மாசத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது, உடனே கிளம்ப வேண்டும். சைக்கிளைக் கழற்றிக் கட்ட நேரமில்லை. என் கையில் பிடித்துக் கொடுத்து, “கீப். ஐ கம்” என்றார். நான் “எஸ்” என்றேன். எங்கள் ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அவ்வளவுதான். அந்தக் குழந்தைதான் இப்போது மெயில் போட்ட மிச்சிகோ.

மருமகள் வாசித்துச் சொன்னாள். தூரப் பயணத்துக்கென்றே கையால் ஒவ்வொன்றாகச் செய்த சைக்கிள்களாம் அவை. அவற்றையும் செய்த ஆட்களையும் தேடி உலகம் பூராவும் ஒரு கூட்டம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறதாம். ஹரடா ஊரில் ஒரே குருவிடம் தொழில் படித்த ரெண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ரெண்டு பேர் வேலையும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். ரெண்டு பட்டறையும் போய்விட்டது. எஞ்சியிருக்கிற வண்டிகளை விரல் விட்டு எண்ணலாமாம். ஹரடாவுக்குத் தன் வண்டி யார் செய்தது என்று ஞாபகம் வரவில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு அதையே கேட்கிறாராம். குழாயில் எழுதின பேர்தான் சொல்ல வேண்டும். வண்டி இருக்கிறதா?

“இருக்குதுன்னு போடு அம்மணி.”

“எங்கீங்க மாமா இருக்குது? நான் பார்த்ததே இல்லீங்களே.”

“அவரு உட்டுட்டுப் போன மாதிரியே இருக்குதுன்னு போடு.”

போட்டாள். ரெண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. ஆவணியில் நேரில் வருகிறார்களாம். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன நடந்தது என்றால், ரெண்டு வருஷம் கண்ணாகத்தான் வைத்திருந்தேன். தினமும் துடைப்பேன். அந்தத் தங்க எழுத்து மேலும் தினமும் துணி போகும். அப்புறம் மில்லை விட்டு, கோயம்புத்தூரில் கணபதி ஏரியாவில் ஒரு ஷெட்டில் ஒற்றை லேத்தோடு சொந்தத் தொழில் ஆரம்பித்தேன். முதல் ஆயுத பூஜை. லேத்துக்கு அடித்தது போக அரை டப்பாப் பச்சை மீதி. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் மீதி இருந்தால் விடமாட்டோம், தெரியுமே. வைஸுக்கு அடித்தோம், ஸ்டூலுக்கு அடித்தோம், தண்ணி டிரம்முக்கு அடித்தோம். ஒன்றுக்கு அடித்து ஒன்றை விட்டால் விட்ட பொருள் மனசு நோகும் என்று எனக்கு அன்றைக்கு ஒரு எண்ணம். ஃபிட்டர் ரங்கசாமி பிரஷ்ஷோடு சைக்கிளுக்கு முன்னால் நின்று, “இதுக்குமா தம்பி?” என்றார்.

“அதென்ன மாமியார் ஊட்டு வண்டிங்களா ரங்கண்ணா? அடிங்க.”

அடித்தார். சந்தனம் குங்குமம் வைத்ததும் பச்சைக்கு எடுப்பாக இருந்தது என்றுகூட நினைத்தேன். அடுத்த வருஷம் மொபெட் வாங்கினேன். சைக்கிளை ரங்கசாமி அண்ணனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன்.

அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சூலூர் போகிற வரைக்கும். அண்ணன் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். என் கார் நின்றதும் எட்டிப் பார்த்தார்.

“என்ன முதலாளி, வழி தப்பிப்போச்சுங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். தலைக்கு மேல் ஏர் ஃபோர்ஸ் விமானம் ஒன்று போனது. அது போகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தானமா குடுத்தீங்களா? ஷெட்டுல எடம் அடைக்குது, எடுத்துட்டுப் போறீங்களா, காயலான் கடைக்குப் போடட்டுமான்னு கேட்டீங்க. நான்தான் மனசு கேக்காம ஓட்டிட்டுப் போனேன்.”

“நானா கேட்டேன்?”

“பின்ன இந்த ஏரோப்பிளேனா கேட்டுச்சு?”

வண்டி அவரிடமும் இல்லை. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். தங்கச்சி புருஷன் அதில்தான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவாராம். ஒரு பால்காரர் அத்தனை வருஷம் ஓட்டின வண்டியில் என்ன மிஞ்சியிருக்கும்? காங்கேயம் தாண்டுகிற வரைக்கும் டிரைவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வருகிற முதலாளியைப் பார்த்து அவனுக்குப் பயம் வந்து, “டாக்டர்கிட்ட போலாங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டான்.

தங்கச்சி பேரு மயிலாத்தாள். புருஷன் தவறி நாலு வருஷம் ஆகிறது. மாட்டுச்சாளையில் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. செக்கச்செவேல் என்று இருந்தது. ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். ரெண்டு சக்கரமும் வேறு.

“மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்சுப்போட்டு, மிச்சத்தை இதுக்கு அடிச்சுருவாருங்க. ஒரு வருசம் நீலம், ஒரு வருசம் செகப்பு. மாடு வேற, வண்டி வேறன்னு பார்க்க மாட்டாருங்க.”

கேரியரைத் தடவிப் பார்த்தேன். அந்த விரல் தடிமன் பைப், ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு அத்தனை வருஷம் ஓடியும் ஒரு இடத்தில்கூட ஒட்டு விட்டுப்போகவில்லை. செய்தவன் மனுஷனா? எனக்குப் பொறாமையாக இருந்தது.

எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, மயிலாத்தாளே, “ஆளே போயிட்டாரு, வண்டி என்னத்துக்குங்க? கொண்டு போங்கண்ணா” என்றாள். கொண்டு வந்து காரில் ஏற்றும்போது மட்டும் ஸ்பானர் கேட்டு வாங்கி, மணியைத் தானே கழற்றிக்கொண்டாள். “கன்னுக்குட்டி இந்தச் சத்தத்துக்குத்தானுங்க வருது.”

சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அவர்கள் வருகிறார்கள். வண்டி கிடைத்த சந்தோஷம் அதைப் போர்ட்டிகோவில் நிறுத்தின நிமிஷமே போய்விட்டது. விட்டுப்போன மாதிரியே இருக்கிறது என்று சொன்னவன் நான். இதுவோ மாட்டுக்கொம்பு நிறத்தில் நிற்கிறது. மருமகள் படம் எடுத்து அனுப்பினாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பதிலை வாசித்துக் காட்டினாள்.

“ரொம்ப சந்தோசமாம் மாமா. தயவுசெஞ்சு பெயிண்டைத் தொட வேண்டாமாம். அதுக்குன்னு ஒருத்தர் கூட வர்றாராம். லென்ஸ் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாராம்.”

“சரி” என்றேன்.

இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், ஏன் சரி என்று சொன்னேன் என்று. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரியில் யாரும் இல்லை. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய், ஒரு டப்பா பெயிண்ட் ரிமூவரும் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியும் எடுத்து வைத்தேன். மேலே இருக்கிறதை மட்டும் எடுக்கலாம், என் பச்சை வந்ததும் நிறுத்திவிடலாம். ஜப்பானிலிருந்து ஒருத்தன் லென்ஸோடு வந்துதான் நம் பெயிண்டை நமக்கு எடுத்துக் காட்ட வேண்டுமா? நான் உரிக்காத பெயிண்டா?

சிவப்பு உரிந்தது. நீலம் உரிந்தது. அதற்கடியில் மஞ்சள் கொஞ்சம். அப்புறம் பச்சை. என் பச்சை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பச்சைக்கு அடியில் எழுத்து மேடு லேசாகத் தெரிந்தது. கை நிற்கவில்லை. ஒரு தடவல். மழை நிறம் வந்தது, அதற்கு மேல் தங்கம். சாய்வாக, வளைந்து வளைந்து, ஏழோ எட்டோ எழுத்து. அப்படியே பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சையை எடுக்கலாம் என்று இன்னொரு தரம் துடைத்தேன்.

குழாயில் ஒன்றுமில்லை. தங்கம் பூராவும் துணியில் இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரிந்திருந்தால், அந்த ஒரு நிமிஷத்தில் படித்திருப்பேன். ரெண்டு வருஷம் தினமும் அதைத் துடைத்திருக்கிறேன். ஒருநாள்கூட யாரையாவது கூப்பிட்டு, இது என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மிச்சிகோ என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினாள், நானும் எனக்குத் தெரிந்த அளவுக்குக் குனிந்தேன். நான் துடைத்ததை மருமகளை விட்டே சொல்லச் சொன்னேன், துணியையும் காட்டினேன். கூட வந்தவர் தரையில் மண்டியிட்டு லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். எழுந்து அவளிடம் மெதுவாக என்னமோ சொன்னார். அவள் முகம் மாறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

செல்போனில் ரெண்டு பேரை எழுதிக் காட்டினாள். மருமகள் சொன்னாள்: “எழுத்து அழியறதுக்கு முன்னால நீங்க பார்த்தீங்கல்ல மாமா. இதுங்களா, இதுங்களான்னு கேக்கறாங்க.”

ரெண்டும் வளைந்து வளைந்துதான் இருந்தது. விரல் நீட்டியிருக்கலாம். எதைக் காட்டினாலும் நம்பியிருப்பார்கள். அந்தக் கிழவர் படுக்கையில் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார், நானும் ஜெயித்திருப்பேன். என் விரல் பாதி தூரம் போய்விட்டது. பேங்க் மேனேஜரிடம், பெரிய பெரிய ஆபீசரிடம், தெரியாததையெல்லாம் தெரியும் என்று காட்டின விரல்தான்.

“தெரியலீங்க அம்மணி. எனக்குப் படிக்கத் தெரியாது.”

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

மிச்சிகோ போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். எலும்பும் தோலுமாக, தலையணையில் ஒரு முகம். வண்டியைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். அவள் வண்டியோடு அந்தத் துணியையும் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் அந்தப் பட்டியல் வந்தது. மருமகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். வண்டியின் படம் இருக்கிறது, கோயம்புத்தூர் என்று ஊர் இருக்கிறது, பார்த்துக்கொண்டவர் என்று என் பேர்கூட இருக்கிறதாம். செய்தவர் பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. அதை எனக்கே படிக்க முடிந்தது.

கீழேயிருந்து ஃபோர்மேன் கூப்பிடுகிறார். “ஐயா, ரெடியா இருக்கிற பம்புங்களுக்கும் ஒரு கோட் அடிச்சரலாங்களா?”

அடிக்கச் சொன்னேன். அதற்கு ஒன்றும் ஆகாது. பம்பில் என் பேரை அச்சிலேயே வெட்டி, இரும்போடு இரும்பாக வார்த்திருக்கிறேன். எத்தனை பச்சை அடித்தாலும் கையால் தடவினாலே தெரியும். சைக்கிள் செய்த அந்த மனுஷன் பிரஷ்ஷால்தான் எழுதியிருந்தார்.