தாய்மாமன் மடியும் ராஜாவின் குதிரையும்

எனக்கு ஏழு வயதில் வைத்திருந்த காதுகுத்து ஒரு குதிரையால் நின்றுபோகப் பார்த்தது. அதுவும் செத்துப் பல தலைமுறை ஆன குதிரை.

அறுபதுகளில் என் அப்பா, நான் கூப்பிடுகிறபடி நைனா, செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து செஞ்சியின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போட நினைத்தபோது, எழுதுகிற வேலையும், மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை வெட்டித் திருத்துகிற வேலையும் அவர் தலையில் விழுந்தன. எழுதியதைவிட வெட்டியதுதான் அதிகம். ஆதாரம் இல்லையென்றால் சிவப்பு மைதான். எழுதியவர் தாசில்தாராகவே இருக்கட்டும்.

என் தாய்மாமன், அதாவது அம்மாவின் அண்ணன், செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமமான சிங்கவரத்தில் இருந்தார். அவர் களத்தில் ஒரு கல் தொட்டி உண்டு. செஞ்சிக் கோட்டையை ஆண்ட ராஜாவின் குதிரை அதில்தான் தண்ணீர் குடித்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். புத்தகத்துக்காக அதை இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தார். நைனா இரண்டையும் வெட்டிவிட்டார். அது மாமாவின் தாத்தா மாட்டுக்காகச் செய்து வைத்த தொட்டி என்பது சிங்கவரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"இன்னா மாப்ள, எங்க குதிரையை வெட்டிட்டீங்களாமே? அது புஸ்தகத்துல ஏறுற வரைக்கும் என் மடி கிடையாது!"

தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துவது? ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, உறவுக்கெல்லாம் அழைப்பும் போயாயிற்று. அம்மா அடுப்படியில் புலம்பித் தீர்த்தாள்.

"ராஜா செத்துட்டாரு, குதிரையும் செத்துடுச்சி. எங்கண்ணன் உசுரோட இருக்குது. அதைப் போயி வெட்டிட்டாரே உங்க நைனா!"

எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். ஆசாரியின் ஊசியை நினைத்தாலே காதைப் பொத்திக்கொள்வேன். நைனா மனசு மாறக்கூடாது என்று ஊரிலிருந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். சரித்திரத்தின் மேல் அவ்வளவு பக்தி எனக்கு அதற்குப் பிறகு வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சிங்கவரம் போனார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா அசரவில்லை. தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து, "இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னாங்க மச்சான்?" என்று கேட்டார்.

"எங்கம்மாதான். வேற யாரு?"

"எப்போ சொல்லுவாங்க?"

மாமா தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னதுல நான் கூழு குடிக்கமாட்டேன். இடுப்புல தூக்கியாந்து இங்க நிறுத்தும். ராஜா குதிரை இங்க குடிச்சிட்டுதான் கோட்டைக்குப் பறந்துச்சி, நீயும் குடிடா கண்ணுன்னு..."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

மாமாவையே அழ வைத்தாயிற்று, சண்டை முற்றிவிட்டது, காது பிழைத்தது என்று நான் நினைத்தேன். அட, எங்கே! குறித்த நாளில் விடிந்தும் விடியாததுமாக மாமா தோடும் பட்டுப்பாவாடையும் வைத்த தட்டோடு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஊரே கேட்க அலறினேன். கடைசியில் குதிரை விஷயத்தில் நைனாவும் வளைந்து கொடுத்துவிட்டாரே என்று அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

காதுப் புண் ஆறுவதற்குள் புத்தகம் அச்சாகி வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நைனா அடையாளம் வைத்துக் கொடுத்த பக்கத்தை எடுத்து என்னைப் படிக்கச் சொன்னாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ராஜாவின் குதிரை குடித்தது என்று நைனா எழுதவில்லை. சிங்கவரத்தில் ஒரு தாய், கூழ் குடிக்காத பிள்ளைக்கு மாட்டுத் தொட்டியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லி ஊட்டினாள் என்று, அவள் பேரையும் போட்டு எழுதியிருந்தார். நான் பிறக்கும் முன்பே, ஒரு போட்டோகூட இல்லாமல் போய்ச் சேர்ந்த மனுஷி அவள். பொய்யும் எழுதாமல், மாமாவையும் நோகவிடாமல் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த நைனாவை இன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்றைக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? அம்மா அந்தப் பேரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேவிக் கேவி அழுதாள். காது குத்தியது எனக்கு, அழுவது இவளா என்று எனக்கு ஆத்திரம். மாமாவின் அம்மாதான் அவளுக்கும் அம்மா என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.