கவுன்சிலருக்குக் கொடுத்த கை

எனக்குத் தசை நோய். எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் விரிய அரை நிமிடம் ஆகும். கொஞ்ச நாளாக எதிலும் மனசும் ஒட்டவில்லை. ஏரிக்கரை டீக்கடைக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

"சாக்கடை ஸ்லாப் உடைஞ்சி கீது, எப்பிடித் தாண்டுறது?" என்று மனைவியிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை எங்கள் வார்டு கவுன்சிலர், மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். கை கொடுத்தார். பிடித்தேன். விரல்கள் பூட்டிக்கொண்டன.

"கைய வுடுப்பா, இன்னும் பத்து வூடு கீது."

"வியாதிண்ணே, அதுவா வுட்டாதான் உண்டு. அதுவரிக்கும் அந்த ஸ்லாப்பப் பத்திப் பேசலாமா?"

ஆறு மாதமாக 'பாக்கலாம்' என்றே சொல்லிவந்தவர், இடது கையால் போனை எடுத்து, "நாளிக்கி காலைல ஸ்லாப் வந்துடணும்" என்று யாரையோ அதட்டினார். அப்புறம்தான் அவர் கை வெளியே வந்தது.

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "இன்னா, இன்னிக்கி ரெண்டு நிமிஷம் புடிச்சிக்கினு இருந்த?"

விரல்கள் எப்போதும்போல அரை நிமிடத்தில் இளகிவிட்டன. நான்தான் விடவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வேலையில் ஆர்வம் வந்தது, பாதியில் விட மனசில்லை.

இப்போது ஒரே கவலை. நாளைக்கு ஸ்லாப் நிஜமாகவே வந்துவிட்டால், வீட்டிலேயே கிடக்க எனக்கு வேறு சாக்கு வேண்டும். கைவசம் வைத்திருப்பவர்கள் கமெண்ட்டில் போடுங்கள்.