பயத்தைச் சொல்லிவிட்டுக் காயை எடு

இதை எழுதும்போது வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நினைவு மலரில் கட்டுரையை இப்படித் தொடங்கும் வழக்கம் இல்லை என்று தெரியும். ஆனால் அக்கா இருந்திருந்தால், "மொதல்ல அதச் சொல்லு தம்பி, மத்ததெல்லாம் பெறகு" என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் அக்கா, யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடொன்றில், ரப்பர் பால் வெட்டும் தாய் தகப்பனுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது இளையவன் நான். தோட்டப் பாடசாலைக்கு வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் கையோடு செஸ் பலகையும் கொண்டுவந்தார். அந்த விளையாட்டு அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அப்பா ஒரு நாள் வேலைத்தலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்ததும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தாய்மார் வேலைக்குப் போனால் அவர்களின் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. சில வருடங்களில் அம்மாவும் போனார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "இவன் சொந்தக் கால்ல நிக்கட்டும், பெறகு யோசிப்போம்" என்று அக்கா சிரித்து மழுப்புவார். நான் நிற்கவே இல்லை போலும்.

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எங்கள் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், வேலை செய்யும் ரப்பர் ஸ்டோரில் மெஷின் சத்தம் மாறினாலும் பயம். இதற்காக என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அக்கா ஒருவர்தான்.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அப்படி வேலை நின்ற ஒரு காலையில், பிள்ளையைத் தூக்கிப் போக வந்த தாய்மாரில் ஒருவரான புவனா, மடுவத்து மேசையில் இருந்த பலகையைப் பார்த்து, "எனக்கும் சொல்லித் தாங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த மழைக்கு ஐந்து பேர். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து பால் வெட்ட வரும் குசுமாவும் சேர்ந்துகொண்டார். ஸ்டோரில் வேலை இல்லாத நாளில் நானும் போவேன்.

வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லோரும் தங்கள் காயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரில் குதிரை வெட்டத் தயாராக நிற்பது கண்ணில் படாது. புவனா இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே இழுத்துவந்து பறிகொடுப்பார். நான் அதற்கு நேர்மாறு. ராஜாவை மூலையில் ஒளித்து, முன்னால் மூன்று சிப்பாய்களை அசையாமல் நிறுத்திவைப்பேன். எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு வந்ததும் ராஜாவுக்கு ஓட இடமிருக்காது. "ஒளிஞ்சா மட்டும் போதுமாடா? மூச்சு விட ஒரு சந்து வேணாமா?" என்பார் அக்கா.

கடைசியில் அவர் ஒரு சட்டம் போட்டார். யாரும் காயைத் தொடுவதற்கு முன்னால் எதிரே இருப்பவர், "இப்ப என்ன பயம்?" என்று கேட்க வேண்டும். "ஒங்க குதிர என் ராணிய வெட்டிரும்னு பயம்" என்பதுபோல வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். "ஒன்னும் இல்ல" என்ற பதில் செல்லாது. "ஒன்னும் இல்லன்னா நீங்க சரியாப் பாக்கலன்னு அர்த்தம். பயத்தச் சொல்லிட்டுக் காய எடுங்க" என்பார். அதற்குப் பிறகு நாங்கள் காயைச் சும்மா தூக்கிக் கொடுப்பது குறைந்தது. எஹலியகொடப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் புவனா இரண்டு ஆட்டம் வென்றார். பயத்தை முணுமுணுத்துக்கொண்டே ஆடியதற்காக நடுவரிடம் ஏச்சும் வாங்கினார்.

போன வருடம் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, செஸ் ஆட வந்த தாய்மாரோடு மடுவத்தில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். அக்காவும் குசுமாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இப்ப என்ன பயம் குசுமா?" என்று அக்கா கேட்டார். குசுமா பலகையைப் பார்க்கவில்லை. நன்றாகத் தமிழ் பேசுபவர், அன்று சிங்களத்தில் சொன்னார்: "மட்ட பயயி அக்கே. உட பீல்லே வத்துர பொர வெலா." மேலே, மலைத் தண்ணீர் விழும் பீலியில் வரும் தண்ணீர் கலங்கிச் சேறாகியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். மலை சரியப்போவதற்கு அது அடையாளம்.

அன்று ஸ்டோரில் வேலை இல்லாததால் நானும் அங்கேதான் இருந்தேன். தோட்டத்து ஐயாவுக்குப் போன் போட்டுக் கேட்போம் என்று யாரோ சொன்னார்கள். அக்கா எழுந்துவிட்டார். "பயத்தச் சொல்லியாச்சு. இனி எடுக்கணும். பிள்ளைகளத் தூக்குங்க!"

எதிர் மேட்டில் உள்ள கோயிலுக்கு ஓடினோம். என் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வழுக்கும் படிகளில் அந்தப் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் அழுதேன். கோயிலில் அக்கா பதினொரு தலைகளையும் தொட்டுப் பார்த்து முடித்த சற்று நேரத்தில் மலை இரைந்தது. திரும்பிப் பார்த்தபோது மடுவம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. அந்த இரைச்சல் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அக்கா மட்டும் தூணில் சாய்ந்து இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னாக்கா செய்யுது?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லடா, பிள்ளைகளத் தூக்கினது" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். எப்போதிருந்து வலி என்று வைத்தியர் கேட்டபோது, "மண்ணு சரிஞ்ச அன்னையில இருந்து" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஐந்தாம் நாள் பகல், நான் சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார் என்று எனக்கு அக்காமேல் கோபம் இருக்கிறது. இங்கே அதை மறைக்க விரும்பவில்லை.

அக்காவை லயத்திலிருந்து ரோட்டு வரை தூக்கி வந்த வாலிபர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், எட்டாம் நாள் சடங்கு வரை எங்கள் வீட்டில் அடுப்பை அணையவிடாத லயத்துப் பெண்களுக்கும், பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டிய குசுமாவின் ஊராருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குசுமாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. மழை நாள் செஸ் இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஒரு நாள் அக்காவின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "இப்ப என்ன பயம் அண்ணே?" என்று குசுமா கேட்டார். "ஒன்னும் இல்ல" என்றேன். அவர் விடவில்லை. "அது செல்லாது. என்ன பயம்?" என்று மறுபடியும் கேட்டார்.

"எடது கை மரத்துப்போவுது. ரெண்டு மாசமா. அப்பாவுக்கும் அக்காவுக்கும் வந்தது எனக்கும் வந்திருச்சோன்னு பயம்" என்றேன்.

குசுமா பலகையை மூடிவிட்டார். "சொல்லியாச்சு. இனி எழும்புங்க" என்று மழையிலேயே என்னைப் பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் வைத்தியர். இன்று மாத்திரையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்த மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, நண்பர்களே, அக்காவுக்காக ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பயம் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். நான் அக்காவிடம் ஒரு முறைதான் கேட்டேன்.