பின்னால் வந்த பஸ்

இன்று காலை கால் நகம் வெட்ட உட்கார்ந்தேன். வலது கட்டைவிரல் நகம் மட்டும் கோணலாக, தடித்து, கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு பக்கம் திரும்பியே வளரும். காரணம் ஓரகடம் சாலை. இல்லை, என் வீம்பு. சாலையை ஏன் குறை சொல்வது?

நகத்தைத் தொட்டாலே சேஃப்டி ஷூ வாசனை வந்துவிடுகிறது எனக்கு. ரப்பர், வியர்வை, காயாத சாக்ஸ். மண்ணூரில் எங்கள் ஒரே அறையில் ஆறு ஜோடி. அந்த வாசனையில் விழித்து, பல் தேய்த்தும் தேய்க்காமலும் சாலைக்கு ஓடுவோம். ஏழுமலை அண்ணன் ஓட்டும் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. வேகம் குறையும், கம்பியைப் பிடித்துக் காலை வைத்துவிட வேண்டும். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, நான் ஓட்டக்காரனானதே அப்படித்தான்.

அந்தத் தெம்பில் முப்பத்தைந்து வயதில் ஓரகடம் சாலையில் நடந்த மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கடைசியில் ஒரு பஸ் வரும்; அது யாரை முந்துகிறதோ அவர் ஏறிக்கொள்ள வேண்டும், ஓட்டம் அத்தோடு சரி. அந்த ஞாயிறு எனக்குக் காலை ஷிஃப்ட். அறைத்தோழன் முத்துப்பாண்டி, பரமக்குடிக்காரன், தன் ஷிஃப்டை முடித்து அப்படியே என் இடத்திலும் நிற்க ஒப்புக்கொண்டான்.

"முழுசா ஓடிட்டு வாங்கண்ணே. பஸ்ஸுல ஏறி வந்தீக, ரூம் கதவத் தொறக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பதினாறு மணி நேரம் நிற்கப் போகிறவனின் சொல்.

முதல் இருபது கிலோமீட்டர் கவிதை. ஏரி, நாரை, பனி. முப்பதில் கவிதை தீர்ந்தது. முப்பத்தாறில், பென்னலூர் தாண்டி, வெயில் மண்டையில் இறங்கியது. ஷூவுக்குள் நகம் பிய்ந்து ஈரமாக இருந்தது. பின்னால் இன்ஜின் சத்தம். அந்த இருமல் எனக்குத் தெரியும். திரும்பினேன். ஓட்டத்துக்கு எங்கள் பஸ்ஸையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்!

பக்கத்தில் வந்தது. கதவு திறந்தது. வேகம் குறைந்தது. அவ்வளவுதான், ஐந்து வருஷப் பழக்கம், என்னைக் கேட்காமல் கை கம்பியைப் பிடித்தது, கால் படிக்குத் தூக்கிக்கொண்டது.

"யோவ்! டூட்டிக்கா போற? கைய எடுய்யா!" ஏழுமலை அண்ணன் கத்தினார்.

எடுத்தேன். உள்ளே விசில் மாட்டிய அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டிரைவர், டைம் ஆச்சு. முந்திப் போங்க."

"செகண்டு கியர் வுழ மாட்டேங்குது சார். வண்டி அப்படித்தான் கீது."

"வர்றப்ப நல்லாத்தானே வந்துச்சு?"

"சூடாயிட்ச்சு சார். நானும் ஆயிடுவேன்."

ஆறு கிலோமீட்டர். முதுகில் இன்ஜினின் அனல். நான் நடந்தால் ஹாரன். நின்றால் அண்ணனுக்கு வேறு வழியில்லை, முந்தித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே ஏறிவிட்ட நாலு பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "வுடாத தலைவா!" என்றார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே பத்தடி இருந்திருக்கும்.

மதியம் முத்துப்பாண்டி வந்தபோது அறைக் கதவை நான்தான் திறந்தேன்.

அவன் இப்போது ஓசூரில். அறை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. ஏழுமலை அண்ணன் நம்பரில் வேறு யாரோ பேசுகிறார். இப்போது வரும் பஸ்கள் இருமுவதில்லை. ஒவ்வொன்றின் வேகத்தையும் எங்கோ ஓர் அறையில் திரையில் பார்க்கிறார்கள். ஆறு கிலோமீட்டர் ஒருவன் பின்னால் ஊர்ந்து வந்தால், மறுநாள் எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள்.