மூன்று மொட்டு மரம்

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மெர்ல் டிரெகென்சாவுக்கு எங்கள் சாலையில் தெரியாத மரமே கிடையாது. பிள்ளைகள் ஏறுவதற்காகக் காத்திருந்த நேரமெல்லாம் மரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்றபின் காலி பால் அட்டைப்பெட்டிகளில் தைலமரக் கன்று வளர்ப்பதே அவளுக்கு வேலை. என் கோதுமை வயலின் வேலியோரம் நின்ற கிழட்டு மரத்தின் மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"அது மஞ்சள் தைலமரம், கெல்வின். நம்ம பக்கத்துல அது ஒண்ணுதான் மிச்சம்."

"ஆத்தோரம் ஆயிரம் நிக்குதே செந்தைலம், அதான் இதுவும். பட்டையப் பாத்தாத் தெரியல?"

"பட்டையப் பாத்து மரம் சொல்றதும், சட்டையப் பாத்து மாப்பிள்ளை எடுக்கறதும் ஒண்ணுதான். மொட்டப் பாக்கணும். மூணு மூணாத் தொங்கினா நான் சொன்னது. ஏழெட்டு சேந்திருந்தா நீ சொன்னது."

உச்சியில் ஒரே ஒரு கிளையில்தான் உயிர் இருந்தது. ஏணி எட்டாது. எங்கள் ஊர் வழக்கப்படி துப்பாக்கியால் ஒரு கொப்பைச் சுட்டு இறக்கினேன். மொட்டு மூன்று மூன்றாகத்தான் தொங்கியது. எனக்கு எரிச்சல், அவளோ கொப்பை மடியில் வைத்துக் கொஞ்சினாள்.

முற்றிய காய்கள் அந்தக் கொப்பில் மட்டும்தான்; மொத்தம் இருபது தேறின. அவற்றைக் காகிதப் பையில் போட்டு, நல்ல சூடுள்ள என் தகரக் கொட்டகையில் வைத்தாள். காய் வெடித்து விதை உதிரும், நான் வரும்வரை தொடாதே என்றாள். தொட்டேன். கோதுமைக்காரன் கை சும்மா இருக்குமா? பையைத் தட்டில் கொட்டி, தூசியை ஊதி, கனமானதை எடுத்து வைத்தேன்.

"தூசி எங்கய்யா?" என்றாள் வந்து பார்த்த மெர்ல்.

"ஊதிட்டேன். காயெல்லாம் பத்திரமா இருக்கு."

"அடப்பாவி! அந்தத் தூசிலதான்யா விதையே. இது வெறும் ஓடு!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இங்கிருந்த மஞ்சள் தைலமரங்களைக் கோதுமைக்காக வெட்டிச் சாய்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். மிச்சத்தை நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

மெர்ல் அதற்குமேல் திட்டவில்லை. துடைப்பத்தைக் கேட்டாள். தரைப் புழுதி அத்தனையும் கூட்டி அள்ளிப்போய் ஈர மணலில் தூவினாள். முதலில் முளைத்ததெல்லாம் கோதுமை. சீட்டியடித்தபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

மூன்றாம் வாரம் கதவைக்கூடத் தட்டாமல் வந்து, என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். குனிந்து பார்த்தேன். சிவந்த தண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு குட்டி இலை.

"நாலு," என்றாள்.

வருடத்துக்கு ஆயிரம் டன் கோதுமை அறுக்கிறவன் நான். அந்த நாலைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.