லாக் ஃபைல் போட்டுக் கொடுத்தவர்

மதுக்கரைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் ஓடியது, ஆலையில் ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக ஆலைக்காரர் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தோம்.

ஒல்லியான மனிதர். ஹெல்மெட் அழுத்திய முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கமாண்டை டைப் செய்ததும் உடனே என்டரைத் தட்டமாட்டார். திரையைப் பார்த்து, "போலாங்களா?" என்று கேட்டு, ஒரு நொடி காத்திருந்துதான் தட்டுவார்.

எங்கள் மென்பொருள் பிறர் எழுதிய பல பேக்கேஜ்களை நம்பியிருந்தது. ஆலையில் நிறுவியபோது அவற்றின் புதிய வெர்ஷன்கள் வந்து இறங்கி, எங்கள் மென்பொருளோடு ஒத்துப்போகாமல் இருந்தன. எங்கள் கணினியில் ஓடிய வெர்ஷன்களையே அவர் ஒரே கமாண்டில், மாறாமல் பூட்டி வைக்கும் லாக் ஃபைலாக எடுத்தார்.

"புதுசுன்னா நல்லதுதானுங்களே?" என்று கேட்டேன்.

"நல்லதுதானுங்க. ஆனா அதுக உங்களக் கேட்டுப்போட்டு மாறறதில்லீங்க. இனி இந்த ஃபைல்ல இருக்கறதுதான் எல்லா எடத்துலயும் எறங்குமுங்க."

அந்த ஃபைலை அனுப்பி ஆலையில் மறுபடி நிறுவச் சொன்னோம்; மூன்று மணிக்கு அங்கே எல்லாம் ஓடியது. எங்கள் முதலாளி வாசல்வரை வந்து, "இங்கயே நிரந்தரமா இருந்துக்கோங்க" என்றார்.

"என்னையும் லாக் பண்ணிப்போடாதீங்க" என்றார் அவர்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை. முதலாளி சிரித்து முடிக்கும்வரை மரியாதையாக நின்றுவிட்டு, "வாரேனுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

அவருக்கு வேலை பிடிக்கவில்லையா, எங்களைப் பிடிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.